நகைக்கு மதிப்பீட்டாளர் பொறுப்பு; ‘டிரிபிள் ஏ’வுக்கு யார் பொறுப்பு?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும் வெளியூரில் இருக்கும் உறுப்பினர்களும் படிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



போன கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாதம் நூறு நூறாகச் சேர்த்த சங்கப் பணம் 6 லட்சம் வங்கியில் கிடக்கிறது. வங்கியில் 7 சதவீதம்தான் வட்டி. ஒரு நிதி நிறுவனத்தில் எட்டரை சதவீதம் தருகிறார்கள், ‘டிரிபிள் ஏ’ ரேட்டிங்கும் இருக்கிறது, அதில் போட்டால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். தெருவிளக்கு, கால்வாய், அமாவாசைக்கு மறுநாள் குப்பை அள்ளும் கூலி எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான். கூடுதல் வட்டி வந்தால் யாருக்குக் கசக்கும்?

“ரேட்டிங் தப்பாகப் போனால் ரேட்டிங் கொடுத்தவனைக் கேட்க முடியுமா?” என்று பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா கேட்டார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் வங்கியில் இருந்தவர்தானே, படித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். அதற்காகத்தான் இன்று நிற்கிறேன்.

முதலில் என் கதை ஒன்று. தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு கிளையில் கிளார்க். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பி.எஃப். பணத்தை எங்களிடம் டெபாசிட் போட்டிருந்தார். ஒருநாள் அதை உடைத்துத் தரச் சொன்னார். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் விளம்பரத் தாளைக் காட்டினார். அதில் ரேட்டிங் போட்டிருந்தது. “என்ன சார், போடலாமா?” என்று கேட்டார். நான் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ரேட்டிங் எல்லாம் இருக்கே சார்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு வருடத்தில் கம்பெனி பூட்டிக்கிடந்தது. அவர் அதற்குப் பிறகும் கிளைக்கு வந்தார், பென்ஷன் வாங்கினார், என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தல்தான். நானும் அன்று ஒரு ‘கருத்து’ சொன்னேன். அந்தக் கருத்துக்கு நான் ஒரு பைசா கட்டவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரேட்டிங் என்றால் என்ன?

ஒரு கம்பெனி கடன் வாங்குகிறது. சொன்ன தேதியில் வட்டியும் அசலும் கொடுக்குமா என்று ஒரு மூன்றாவது ஆள் கணக்கைப் பார்த்துச் சொல்லும் கருத்துதான் ரேட்டிங். நம் நாட்டில் முதலில் வந்தது கிரிசில், 1987இல். பிறகு 1991இல் இக்ரா, 1993இல் கேர். இவர்களைக் கட்டுப்படுத்த செபி 1999இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. அந்த விதிமுறையிலேயே ரேட்டிங்கை ‘கருத்து’ என்றுதான் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு சொல்லை நினைவில் வையுங்கள். வழக்கு எல்லாம் இந்தச் சொல்லைச் சுற்றித்தான்.

‘டிரிபிள் ஏ’ என்றால் உச்சம். அதற்குக் கீழே ‘டபுள் ஏ’, ‘ஏ’, ‘டிரிபிள் பி’ என்று இறங்கும். கடைசியில் ‘டி’. ‘டி’ என்றால் பணம் கொடுக்கத் தவறிவிட்டார்கள் என்று பொருள்.

இது வெறும் கருத்து என்றாலும் அதற்குச் சட்டமே பலம் கொடுத்திருக்கிறது. நிதி நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க வேண்டுமானால் குறைந்தபட்ச ரேட்டிங் இருந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 1998இல் விதி போட்டது. பி.எஃப். அறக்கட்டளைகள் எந்தப் பத்திரத்தில் போடலாம் என்பதற்கும் ரேட்டிங்தான் அளவுகோல். ஆக, வாசல் கதவைத் திறக்கும் சாவி ரேட்டிங் ஏஜென்சியின் கையில் இருக்கிறது. உள்ளே திருட்டுப் போனால் மட்டும், “நான் கருத்துதானே சொன்னேன்” என்கிறார்கள்.

கூலி யார் கொடுப்பது?

ரேட்டிங்குக்குக் கட்டணம் கட்டுவது கடன் வாங்கும் கம்பெனி. பணம் போடும் நாம் ஒன்றும் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டில் கமிஷன் வாங்கும் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வாரா? ரொம்பக் குறை சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் வேறு தரகரைப் பார்ப்பார்கள்.

ஆனால் கூலி கொடுப்பவர் யார் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. வங்கியில் நகைக்கடன் வாங்கியிருப்பீர்கள். நகையை உரசிப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்? கடன் வாங்கும் நீங்கள்தான். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது வங்கிக்கு. அவரிடம் வங்கி முன்பணம் வாங்கி வைத்திருக்கும், இழப்பு வந்தால் ஈடு செய்வேன் என்று எழுதியும் வாங்கியிருக்கும். கவரிங் நகையைத் தங்கம் என்று கையெழுத்துப் போட்டால் அவர் தலையில்தான் விடியும். அதனால் உரசும்போது அவருக்குக் கை நடுங்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தங்கத்தின் விலை சந்தையில் விழுந்தால் மதிப்பீட்டாளரை யாரும் கேட்பதில்லை. அது அவர் கையில் இல்லை. நகை போலி என்றால்தான் கேட்கிறோம். அதாவது கணிப்பு பொய்த்ததற்குத் தண்டனை கிடையாது, உரசிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்குத்தான் தண்டனை. ரேட்டிங் ஏஜென்சி விஷயத்திலும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான், இதற்கு மேல் இல்லை. எல்லா நஷ்டத்துக்கும் அவர்களையே பொறுப்பாக்கினால் யாரும் ரேட்டிங் கொடுக்க முன்வர மாட்டார்கள். அமெரிக்காவில் 2010இல் அப்படித்தான் நடந்தது. ரேட்டிங் ஏஜென்சியும் நிபுணர் என்ற முறையில் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் மாறியதும், எங்கள் ரேட்டிங்கை உங்கள் ஆவணத்தில் போடாதீர்கள் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஒரு வகைப் பத்திரச் சந்தையே நின்றுபோகும் நிலை வந்து, அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பு அந்த விதிக்குச் சலுகை கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் நடந்தது

ஐஎல்அண்ட்எஃப்எஸ் என்ற பெரிய நிறுவனம். சாலை, சுரங்கப்பாதை, மின் நிலையம் என்று எல்லாவற்றிலும் இருந்தது. நம் பக்கத்திலேயே, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை அருகே உள்ள அனல்மின் நிலையம் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததுதான். அதில் பெரிய பங்குதாரர் எல்.ஐ.சி. குழுமத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். கடன் 90,000 கோடிக்கு மேல்.

இதன் பத்திரங்களுக்கு இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் ஆகிய மூன்றும் உச்ச மதிப்புக் கொடுத்திருந்தன. 2018 ஆகஸ்ட் வரை ‘டிரிபிள் ஏ’. செப்டம்பர் முடிவதற்குள் ‘டி’. மேலே இருந்து கீழே வர இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உத்தரம் உளுத்துப்போவது ஒரே இராத்திரியில் நடக்காது என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். 2018 அக்டோபர் 1ஆம் தேதி மத்திய அரசு அந்த இயக்குநர் குழுவையே கலைத்துப் புதிய குழுவை அமர்த்தியது. அதன் பத்திரங்களில் பணம் போட்டிருந்தவற்றில் எத்தனையோ தொழிலாளர் பி.எஃப். அறக்கட்டளைகள் உண்டு. ‘டிரிபிள் ஏ’வைப் பார்த்துத்தான் போட்டார்கள்.

பிறகு நடந்த தடயத் தணிக்கையில், ரேட்டிங் அதிகாரிகளுக்குப் பரிசும் வெளிநாட்டுக் கால்பந்துப் போட்டிக்கு டிக்கெட்டும் கொடுத்து வசப்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டுகூட எழுந்தது. 2019 டிசம்பரில் செபி மூன்று ஏஜென்சிகளுக்கும் தலா 25 லட்சம் அபராதம் விதித்தது. இது போதாது என்று செபியே மறுபடி எடுத்துப் பார்த்து, 2020 செப்டம்பரில் தலா 1 கோடியாக உயர்த்தியது. மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் இருக்கிறது, அந்த வழி அவர்களுக்கு உண்டு.

ஏன் 1 கோடி? செபி சட்டத்தில் தனித் தண்டனை சொல்லாத தவறுகளுக்கு அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்கி ஒரு கோடியில் முடிகிறது. அதற்கு மேல் போகச் சட்டத்தில் இடமில்லை. 90,000 கோடிக் கடனுக்கு முன்னால் மூன்று கோடியை வைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த அபராதப் பணம் எங்கே போகிறது? மத்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. நஷ்டப்பட்டவர் கைக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. ஆடு போனது நம் வீட்டில், அபராதம் சேர்ந்தது கஜானாவில்.

அடுத்தது, நம்மைப் போன்றவர்களை நேராகத் தொட்டது. டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனம். அதன் டெபாசிட்டும் 2019 தொடக்கம் வரை ‘டிரிபிள் ஏ’ நிலையில் இருந்தது. அந்த ஜூன் மாதத்தில் கடனுக்கு வட்டி கட்டத் தவறி ‘டி’க்கு வந்தது. நவம்பரில் ரிசர்வ் வங்கி நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. திவால் சட்டப்படி நிறுவனம் கைமாறியபோது டெபாசிட்காரர்களுக்குக் கிடைத்தது சுமார் 23 சதவீதம். ஒரு லட்சம் போட்டவருக்கு 23,000 ரூபாய். அதில் ஓய்வுபெற்றவர்கள் ஏராளம்.

வழக்குப் போடலாமா?

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் பாதை கரடுமுரடு.

முதல் வழி செபியிடம் புகார். ‘ஸ்கோர்ஸ்’ என்ற இணையதளத்தில் யாரும் பதியலாம். கவனக்குறைவு இருந்தால் செபி அபராதம் போடும், பதிவையே ரத்து செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் மேலே சொன்னபடி அது தண்டனை, இழப்பீடு இல்லை. செபி விசாரிக்க வேண்டிய விஷயத்தை சிவில் கோர்ட் விசாரிக்கக் கூடாது என்று செபி சட்டத்தில் ஒரு தடையும் இருக்கிறது. அதைத் தாண்டி வாதாட வேண்டும். இதிலும் ஒரு சிக்கல். பத்திரம் செபியின் வேலிக்குள் வரும். நிதி நிறுவன டெபாசிட் ரிசர்வ் வங்கியின் வேலிக்குள் வரும். டெபாசிட்காரருக்கு இந்த வழி இன்னும் குறுகல்.

இரண்டாவது, கம்பெனிச் சட்டம் 2013. பங்கோ பத்திரமோ விற்கும் விளக்க அறிக்கையில் பொய்யான தகவல் இருந்தால், கம்பெனி, இயக்குநர்களோடு, அதில் சான்று கொடுத்த நிபுணரும் இழப்பீடு தர வேண்டும் என்று 35ஆவது பிரிவு சொல்கிறது. 245ஆவது பிரிவில் டெபாசிட்காரர்கள் நூறு பேர் சேர்ந்து ஒரே வழக்காகக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தவறான தகவல் கொடுத்த தணிக்கையாளர், நிபுணர், ஆலோசகர் ஆகியோரிடமும் இழப்பீடு கேட்கலாம். ரேட்டிங் ஏஜென்சி என்ன வாதிடும்? “நாங்கள் சான்று கொடுக்கவில்லை, கருத்துச் சொன்னோம்” என்று. அந்தச் சொல் மறுபடி வந்துவிட்டது பாருங்கள்.

மூன்றாவது, கவனக்குறைவுக்காகப் பொதுவான சிவில் வழக்கு. அவர்களுக்கும் நமக்கும் ஒப்பந்தம் இல்லை. கட்டணம் நாம் கட்டவில்லை என்பதால் நுகர்வோர் என்று சொல்லிக்கொள்வதும் கஷ்டம். ரேட்டிங் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், “இது வாங்கவோ விற்கவோ வைத்திருக்கவோ சொல்லும் பரிந்துரை அல்ல” என்று எழுதியிருப்பார்கள். இத்தனையையும் மீறி, ரேட்டிங்கை நம்பித்தான் போட்டேன், அவர்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை, அதனால்தான் நஷ்டம் என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டும். இரண்டு லட்சம் போன ஒரு தனி ஆள் செய்யக்கூடிய காரியமா இது?

ஜெயித்தவர்களும் உண்டு

மனம் தளர வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் என்று ஒரு ஊர். அதோடு இன்னும் சில சிறிய ஊர்களின் மன்றங்கள், நம் ஊராட்சி, பேரூராட்சி மாதிரி. 2006 வாக்கில் ஊர்ப் பணத்தை ஒரு சிக்கலான பத்திரத்தில் போட்டார்கள். அதை உருவாக்கியது ஏபிஎன் ஆம்ரோ வங்கி. ‘டிரிபிள் ஏ’ கொடுத்தது ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ். இரண்டு வருடத்துக்குள் பணத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

ஊர் மன்றங்கள் வழக்குப் போட்டன. 2012 நவம்பரில் நீதிபதி ஜெய்ன் ஜாகட் தீர்ப்பளித்தார். திறமையான எந்த ஏஜென்சியும் அந்தப் பத்திரத்துக்கு அந்த மதிப்பைக் கொடுத்திருக்க முடியாது, அந்த ரேட்டிங் மக்களைத் தவறாக வழிநடத்தியது என்றார். ஏன் தெரியுமா? கணக்குக்கு ஆதாரமான ஒரு முக்கிய எண்ணை ஏஜென்சி தானே சரிபார்க்கவில்லை. பத்திரத்தை விற்ற வங்கி சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டது. உரசிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட கதைதான். ஒப்பந்தம் இல்லையே என்ற வாதம் எடுபடவில்லை. ரேட்டிங்கை நம்பித்தான் முதலீட்டாளர் வருவார் என்று தெரிந்தே கொடுக்கிறாய், அதனால் அவரிடம் கவனமாக இருக்கும் கடமை உனக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். ஏஜென்சி, வங்கி, இடையில் விற்ற நிறுவனம் மூவரும் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. 2014இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. ஏஜென்சி வேண்டுமென்றோ பெரும் கவனக்குறைவாலோ விதியை மீறி, அதனால் நஷ்டம் வந்தால் முதலீட்டாளர் இழப்பீடு கேட்கலாம். அமெரிக்காவில், 2008 நெருக்கடிக்குக் காரணமான ரேட்டிங்குகளுக்காக ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் 2015இல் 137 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அரசுகளோடு சமரசம் செய்துகொண்டது. கலிஃபோர்னியா அரசு ஊழியர் பென்ஷன் நிதி தனியாக வழக்குப் போட்டு, இரண்டு ஏஜென்சிகளிடம் 25 கோடி டாலருக்கு மேல் வாங்கியது.

இவர்களில் தனி ஆள் ஒருவர்கூட இல்லை. ஊர் மன்றங்கள் சேர்ந்து போயின, பென்ஷன் நிதி போயிற்று, அரசு போயிற்று. நம் நாட்டிலும் இழப்பீடு என்று ஒன்று வர வேண்டுமானால், அபராதப் பணம் நஷ்டப்பட்டவருக்குப் போகும்படி சட்டம் மாற வேண்டும், அல்லது பெரிய பி.எஃப். அறக்கட்டளைகள் முன்னால் நிற்க வேண்டும். இதை நம் எம்.பி.க்கு ஒரு கடிதமாகச் சங்கத்தின் சார்பில் எழுதலாம் என்பது என் யோசனை.

நாம் என்ன செய்யலாம்?

எங்காவது பணம் போடும் முன் ஐந்து விஷயம் பாருங்கள்.

1. ரேட்டிங்கின் தேதி. விளம்பரத்தில் இருப்பது பழையதாக இருக்கலாம். ஏஜென்சியின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுப் பாருங்கள். பார்க்கக் காசு வேண்டாம்.

2. எதற்கான ரேட்டிங்? குறுகிய காலக் கடனுக்குக் கொடுத்த மதிப்பைக் காட்டி ஐந்து வருட டெபாசிட் கேட்பவர்கள் உண்டு.

3. ஒரு ஏஜென்சி உயர்வாகவும் இன்னொன்று தாழ்வாகவும் சொன்னால் தாழ்வானதையே நம்புங்கள். “கம்பெனி ஒத்துழைக்கவில்லை” என்ற குறிப்பு இருந்தால் தள்ளி நில்லுங்கள்.

4. அறிக்கையில் பணப்புழக்கம் பற்றிய பத்தியைப் படியுங்கள். ஐஎல்அண்ட்எஃப்எஸ் விழுந்த பிறகு, 2018 நவம்பரில் அதை எழுதியாக வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது.

5. காப்பீடு. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு, எத்தனை ‘ஏ’ போட்டிருந்தாலும், அது கிடையாது.

இப்போது நம் கணக்கு. 6 லட்சத்துக்கு ஒன்றரை சதவீதம் கூடுதல் வட்டி என்றால் வருடத்துக்கு 9,000 ரூபாய். டிஎச்எஃப்எல் மாதிரி ஆகி 23 சதவீதம் திரும்பினால் கையில் 1,38,000. போனது 4,62,000. அந்த 9,000 ரூபாயைக் கொண்டு அதை ஈடுகட்ட ஐம்பத்தொரு வருடம் ஆகும். ‘டிரிபிள் ஏ’ கம்பெனிகளில் பெரும்பாலானவை ஒழுங்காகக் கொடுத்துவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் சொந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தெரிந்தே போட்டால் நான் தடுக்க மாட்டேன். இது ஊர்ப் பணம். இரண்டு வங்கியில் மும்மூன்று லட்சமாகப் போட்டால் முழுதும் காப்பீட்டுக்குள் வந்துவிடும். இது என் கருத்து. அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு விடும்போது நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பக்கத்தில் செஞ்சிக் கோட்டையைப் பார்க்கிறோம். மூன்று மலை, மூன்றையும் இணைத்து மதில். யாராலும் பிடிக்க முடியாது என்று பேர் வாங்கிய கோட்டை. மொகலாயப் படை எட்டு வருடம் வெளியே கிடந்து 1698இல் பிடித்தது. மூன்று மலைக்கே அந்தக் கதி என்றால் மூன்று ‘ஏ’வுக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆசிரியர் இப்போது இல்லை. அன்று அவர் கேட்டபோது நான் இன்னும் பத்து நிமிடம் செலவழித்து, “சார், முழுதையும் உடைக்காதீர்கள், பாதி இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லியிருக்கலாம். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஒரு விளம்பரத் தாளைக் காட்டி “போடலாமா?” என்று கேட்டால், தாளைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உட்கார்ந்து படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.